ஆஸ்டினுக்குப் பீங்கான் வைத்தியம்

என் மகள் அம்சவல்லியின் கல்யாணம் ஒரு பழைய காரின் இஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டு, மாசியிலிருந்து ஆனி வரை வெளியே வரவில்லை. ஜாதகத்தில் தடை, சீர்வரிசையில் தடை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குதிரைசக்தியில் தடைப்பட்ட கல்யாணம் விருத்தாசலத்திலேயே எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றாகத்தான் இருக்கும். எழுபத்தொன்றாம் வருஷம் நடந்த கூத்து இது.

என் வீட்டுக்காரர் பெயர் விருத்தகிரி. செராமிக் பட்டறைகள் இருக்கிற பக்கம் அவரும் சின்னதாக ஒரு பட்டறையும் ஒரு சூளையும் வைத்திருந்தார். ஃபியூஸ் கட்டை, சுவிட்சு வில்லை, சீசனுக்குக் கொஞ்சம் கொலு பொம்மை. களிமண்ணைப் பற்றிக் கேட்டால் ராத்திரி பகலாகப் பேசுவார். கார் வைத்துக்கொள்கிற அளவுக்கு வசதி என்றைக்கும் இருந்ததில்லை. நெய்வேலியிலிருந்து வடக்கே மாற்றலாகிப் போன ஒரு இஞ்சினீயர், இழுத்துக்கொண்டு போக மனசில்லாமல் இவர் தலையில் கட்டிவிட்டுப் போன ஆஸ்டின் அது. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போன சமயத்தில் செய்த வண்டி. அவன் போன வேகம்கூட அதற்கு வராது.

ஆனாலும் அவருக்கு அந்த வண்டி மேல் அப்படியொரு பெருமை. கடைவீதிக்கு வெற்றிலை வாங்கப் போனாலும் காரில்தான் போவார். நடந்து போகிறவர்கள் முன்னால் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது இவர் எதிரே வந்துகொண்டிருப்பார்.

மாசி மாதம் நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை தங்கதுரை, பெண்ணாடம். அப்பா தர்மராஜ் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர், சொந்த டிராக்டர் உள்ள குடும்பம். பையன் பி.ஏ. படித்துவிட்டு வேலைக்கென்று அலையாமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கமான பிள்ளை. அம்சவல்லிக்கு அவனைப் பிடித்துப்போனது எனக்குத் தெரியும். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து பட்டறையில் அவள் வர்ணம் பூசுகிற பொம்மைகள் எல்லாம், பெருமாள் முதல் செட்டியார் பொம்மை வரை, தங்கதுரை மாதிரி மெல்லிய மீசையோடு வெளியே வந்தன.

கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்காக நானும் அவரும் காரில் பெண்ணாடம் கிளம்பினோம். கருவேப்பிலங்குறிச்சி தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. வழி விட்டார். கரும்பை வானம் முட்ட ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டியது. ஓட்டியது தங்கதுரை. மாமனார், மாமியார் என்று தெரிந்ததும் பிள்ளை பதறிப்போய், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து ஒரு பெரிய கும்பிடு போட்டான். கும்பிட்டபடியே முந்திக்கொண்டு போய்விட்டான். கரும்புச் சோகை ஒன்று பறந்து வந்து எங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியாடி? ரெண்டு கையையும் வுட்டுட்டுக் கும்புடு போட்டுகிட்டே முந்திப் போறான்!"

"மரியாதையாத்தான கும்புட்டாரு. அதுல இன்னாங்க தப்பு?"

"மரியாதை குடுக்கறவன் பின்னாடி வரணும். முன்னாடி போயிகிட்டே இன்னா கும்புடு வேண்டிக் கெடக்குது?"

அதோடு போயிருக்கும். பெண்ணாடத்தில் போய் இறங்கியதும் சம்பந்தி தர்மராஜ் வாய்நிறைய வரவேற்றார். அந்த வாய் அங்கேயே நின்றிருக்கலாம்.

"வாங்க சம்பந்தி. பையன் கரும்ப ஆலையில எடை போட்டுட்டு, வூட்டுக்கு வந்து, குளிச்சிட்டு ஒக்காந்திருக்கான். வழியில வண்டி எங்கியாவது தூங்கிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்துவிட்டேன். இவர் முகம் சுண்டிப்போயிற்று. இலையில் வைத்த பாயசத்தைத் தொடவில்லை. பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து நீட்டினபோது, "நாளு ஒண்ணும் தோதா இல்லீங்க. பாத்துச் சொல்லி அனுப்பறன்" என்று எழுந்துவிட்டார். பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்: "அதே டிராக்டரு, அதே ரோடு, பாரத்தோட. என் வண்டி அத முந்தணும். அப்பறம்தான் எம் பொண்ணு கழுத்துல தாலி."

"அவுங்கள மெதுவா ஓட்டச் சொல்லிட்டா ஆச்சுப்பா" என்றாள் அம்சவல்லி. பாவம், எவ்வளவு எளிதான வழி.

"வுட்டுக் குடுத்து ஜெயிக்கறதுக்கு நான் இன்னா பிச்சக்காரனா? அப்புடி எவனாவது பேசி வச்சிருக்கான்னு தெரிஞ்சுது, இந்த சம்பந்தமே வேணாம்."

அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காரை அப்படியே மணிமுத்தாற்றில் தள்ளிவிட்டு வந்திருப்பேன். தள்ளுகிற வேலை எனக்குப் பின்னால் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

பாலக்கரையில் மெக்கானிக் அமீனுதீன் இருந்தார். ஊரில் ஓடாத வண்டி எல்லாம் அவர் கொட்டகையில்தான் நிற்கும். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம், என்னைத் தங்கச்சி என்பார். அவர் உள்ளதைச் சொன்னார்: "அண்ணே, இதுக்கு ஒரே வழிதான். இஞ்சினக் கழட்டி, சிலிண்டரக் கடைஞ்சி போரு எடுத்து, புது பிஸ்டன் போடணும். குதிரையாட்டம் பாயும்."

"அதுக்கெல்லாம் இப்ப கை தாங்காது பாய். கல்யாணச் செலவு வேற இருக்குது. செலவில்லாம சக்தி வர்றாப்ல ஏதாவது சொல்லுங்க."

எந்தக் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கிறாரோ, அந்தக் கல்யாணச் செலவைக் காட்டி இஞ்சின் செலவைக் குறைக்கிறார். அமீன் பாயும் நல்லவர்தான். ஆனால் வாடிக்கையாளர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற நல்லவர். நிறையப் பேரைக் கெடுப்பது அந்த மாதிரி நல்லவர்கள்தான்.

முதலில் சைலன்சரைக் கழற்றினார்கள். புகை தடையில்லாமல் வெளியேறினால் இஞ்சின் மூச்சு விடுமாம். வண்டி எங்கள் தெருவில் நுழைந்தபோது பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்க ஓடியவன் எங்கள் காரைத் தாண்டித்தான் ஓடினான். "சத்தம் வந்துடுச்சி. சக்தி பின்னாடியே வரும்" என்றார் இவர். சத்தம் மட்டும் வந்து, சக்தி வராதவர்களை மேடைமேடையாகப் பார்க்கிற ஊரில் இதை நம்ப நாலு பேர் இருந்தார்கள்.

அடுத்து யாரோ பெட்ரோலில் அந்துருண்டை போடச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கரைத்து ஊற்றினால் விமானப் பெட்ரோல் மாதிரி ஆகிவிடுமாம். கடையில் வாங்கினால் செலவாச்சே. என் பட்டுப்புடவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரைத்துவிட்டார். அதற்குப் பிறகு கார் போகிற இடமெல்லாம் பழைய பெட்டியைத் திறந்த மாதிரி வாடை. வேகம் அதே வேகம்தான். வைகாசியில் ஏதோ விசேஷத்துக்குப் போகலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மகள் கல்யாணத்துக்கென்று நான் எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டில் முந்தானை முழுக்க ஓட்டை. புடவையை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன்.

"இந்த ஓட்ட வழியா உங்க மொகம் தெரியுது. எனக்கு உங்க மொகம் தெரியுதா இல்ல அந்த ஆஸ்டின் மொகம் தெரியுதான்னே வெளங்கல."

"பொடவைய நெய்ஞ்சிக்கலாம்டி. மானத்த நெய்ய முடியுமா?" என்றார். இந்த மாதிரி பதில் மட்டும் அவருக்கு எப்போதும் முழு வேகத்தில் வரும்.

அப்புறம் எடைக் குறைப்பு. இஞ்சினைப் பெரிதாக்க முடியாவிட்டால் வண்டியைச் சிறிதாக்கினால் போயிற்று என்று கண்டுபிடித்தார். ஸ்டெப்னி போயிற்று. பம்பர் போயிற்று. பின்சீட்டு போயிற்று. அதைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார், விருந்தாளிகள் அதில்தான் உட்கார்ந்தார்கள். பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டார். "முன்னாடி போறவனுக்குப் பின்னாடி பாக்கற கண்ணாடி எதுக்கு?" என்று தத்துவம் வேறு. கடைசியில் என்னையும் குறைத்தார். கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னால், "நீ பஸ்ஸுல வந்துடு. நீ ஏறுனா இழுவ கொறையுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவருடைய குடும்பத்தை இழுத்தவள் நான். என் எடையால் இழுவை குறைகிறதாம்.

இவ்வளவும் செய்து முடித்தபோது வைகாசி பாதி போய்விட்டது. தினமும் சாயங்காலம் பெண்ணாடம் ரோட்டில் வெடிச்சத்தத்தோடு போய், டிராக்டரைத் தேடிவிட்டுத் திரும்பி வருவார். ஒரு நாள் டிராக்டர் அகப்பட்டது. பின்னாலேயே துரத்தினார். தங்கதுரை திரும்பிப் பார்த்து, பழையபடி இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. ஆடி வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. ஆடிக்கு அப்புறம் தர்மராஜ் வீட்டார் பொறுப்பார்களா? வேறு இடம் பார்க்கிறார்கள் என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது, அம்சவல்லி காதுக்கும் வந்தது. பொம்மைகளின் மீசை நின்றுபோயிற்று. நிச்சயம் செய்த பெண்ணைப் பார்த்துத் தெருவில் "இன்னும் நாளு வைக்கலியா?" என்று கேட்கிறபோது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்கோ அந்த நேரத்தில்தான் ஞானம் பிறந்தது.

அமீன் பாய் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: ரேஸ் காரில், பெட்ரோலும் காற்றும் இஞ்சினுக்குள் போகிற குழாயை உள்பக்கம் ராவி வழவழப்பாக்குவார்கள், சொரசொரப்பு இல்லாவிட்டால் காற்று நிறைய உள்ளே போகும், இழுவை கூடும் என்று. அது நிஜம்தானாம். ஆனால் பீங்கான்காரரிடம் வழவழப்பு என்று சொல்லக் கூடாது.

"ராவறது எதுக்கு பாய்? கிளேஸ் குடுத்துடலாம். நம்ம பீங்கான் கப்புக்கு உள்ள வெரலு வுட்டுப் பாருங்க. ஈ ஒக்காந்தா வழுக்கும். கொழாய்க்கு உள்ள அப்புடி ஒரு பூச்சு பூசி சூளையில வச்சி எடுத்துட்டா?"

"உலோகத்து மேல புடிக்குமா அண்ணே?"

"உங்க வூட்ல விருந்துக்கு வைக்கற பீங்கான் தட்டு இருக்குதே, உள்ள இரும்புதான? மேல கிளேஸ்தான?"

அமீன் பாய்க்கு ஞாயமாகப் பட்டது. "பீங்கான் விஷயத்துல உங்களுக்குச் சொல்ல நான் யாரு அண்ணே" என்று குழாயைக் கழற்றிக் கொடுத்தார். "இஞ்சின் சாமான் விஷயத்துல உங்களுக்குச் சொல்ல நான் யாரு பாய்" என்று இவர் வாங்கிக்கொண்டார். உள்ளே கிளேஸை ஊற்றிக் குலுக்கி, காய வைத்து, மஞ்சள் குங்குமம் தொட்டு வைத்து, ஃபியூஸ் கட்டைகளோடு சூளைக்குள் அடுக்கினார்கள். தீ மூட்டுகிறபோது தேங்காய் உடைத்தார்கள். சில்லு எனக்கும் வந்தது.

சூளை ஆறியதும் திறந்தார்கள். குழாயைக் காணோம். அடுக்கியிருந்த ஃபியூஸ் கட்டைகளின் மேல் வெள்ளிப்பாகு ஊற்றின மாதிரி ஏதோ ஓடி இறுகியிருந்தது. ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக வந்தது.

"இரும்பு எப்புடி பாய் உருகும்?"

"இரும்புன்னு யாரு சொன்னது? அது அலுமினியமாச்சே அண்ணே."

"அலுமினியம்னு மொதல்ல சொல்றதுக்கு இன்னா?"

"சூளைக்குள்ள அம்மாம் சூடு இருக்கும்னு நீங்க சொல்றதுக்கு இன்னா?"

எண்ணெயும் கரியும் ஏறி அந்தக் குழாய் கறுப்பாக இருந்ததால் இவர் இரும்பென்று நினைத்திருக்கிறார். சூளையில் சோறு வேகிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று பாய் நினைத்திருக்கிறார். ஒருவர் தொழிலை ஒருவர் மதித்துக் கேள்வி கேட்காமல் இருந்தார்கள். ரொம்பப் பெரிய மனிதத்தனம். அதில் உருகி ஓடியது என் மகள் கல்யாணம்.

மறுநாளே நான் மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டுக்குப் போக முடியாதவர்கள், போய்ப் பார்த்து அலுத்தவர்கள், தங்கள் குறையை ஒரு காகிதத்தில் எழுதிச் சாமியிடம் வைத்துப் பூஜை செய்து, அங்கே இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார். நானும் எழுதினேன். பிராது கொடுப்பவர், சொர்ணாம்பாள். எதிரி, ஆஸ்டின் கார். நம்பரையும் எழுதினேன், சாமி வேறு காரைத் தண்டித்துவிடக் கூடாதே.

எழுதி மடித்துக்கொண்டு திரும்பினால், மண்டபத்துத் தூணோரம் சம்பந்தியம்மாள் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்திருக்கிறார். தங்கதுரையின் அம்மா. அந்தச் சாமி பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற அம்மாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை மடிக்குள் செருகினார்.

"இன்னா அண்ணி, நீங்க இங்க?" என்று கேட்டேன்.

"சும்மா... சாமி கும்புட்டுட்டுப் போலாம்னு. நீங்க?"

"நானும் சும்மாத்தான்."

சும்மா வந்த இரண்டு பேரும் ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான்தான் என் காகிதத்தை நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கித் தன் காகிதத்தைக் கொடுத்தார். எதிரி, விருத்தகிரி, பீங்கான் பட்டறை. எங்கள் பிள்ளையை நிச்சயம் செய்துவிட்டு, நாள் வைக்காமல் இழுத்தடித்து, வேறு பெரிய இடம் பார்க்கிறார் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரரைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான். ஆனால் அதற்குள் கொளஞ்சியம்மாள் என் பிராதைப் படித்துவிட்டார்.

"காரு மேலயா பிராது? எதுக்கு அண்ணி?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். கும்பிடு, சைலன்சர், அந்துருண்டை, சூளை. கேட்கக் கேட்க அவர் வாயைப் பொத்திக்கொண்டார். குழாய் உருகின இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தார். "எம் புள்ள தூங்கல அண்ணி. அந்தப் பொண்ணுக்கு என்னப் புடிக்கலியாம்மான்னு கேக்கறான்" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் வாடுகிறார்கள், நடுவில் ஒரு ஆஸ்டின்.

"தங்கதுரைய மெதுவா ஓட்டச் சொல்லிடறன்."

"வேணுமின்னே மெதுவாப் போனா அவருக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சுது, சம்பந்தமே போச்சு."

கொளஞ்சியம்மாள் விவசாயி வீட்டுப் பெண். உடனே வழி சொன்னார். "கரும்பு வெட்டு முடிஞ்சிட்டுது. இப்ப எருதான் அடிக்கிறான். குப்பமேட்டுல இருக்கற ஈர எருவப் பூரா ஏத்திடறன். அந்த வண்டி நெனச்சாலும் வேவமாப் போவாது. ஏத்தம் இருக்குதே, வாய்க்கா பாலம், அங்க வச்சிக்கலாம்."

இரண்டு காகிதத்தையும் கிழித்துப்போட்டோம். சாமிக்கும் ஒரு விசாரணை மிச்சம்.

இங்கே அமீன் பாய் புதுச்சேரியில் பழைய இரும்புக் கடையில் ஒரு குழாய் பிடித்துவந்தார். வேறு ஏதோ வண்டியின் குழாய். சரியாகப் பொருந்தவில்லை. இடுக்கில் இவர் சூளைக்குப் பூசுகிற களிமண்ணை அப்பி அடைத்தார். "பாத்தியா, கடைசியில எம் மண்ணுதான் காப்பாத்துது" என்று என்னிடம் காட்டினார். மண் காய்ந்து வெடித்து, அந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து, வண்டி முன்பு ஓடினதில் பாதிகூட ஓடவில்லை. மூன்று மாத வைத்தியத்துக்குப் பிறகு ஆஸ்டினுக்கு இருந்த சக்தியும் போய்விட்டது.

ஆனியில் கடைசி முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலை கொளஞ்சியம்மாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். நான் என் வீட்டுக்காரரிடம், "இன்னிக்கி எரு அடிக்கறாங்களாம், டிராக்டரு ரோட்டுல இருக்கும்" என்று காதில் போட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டார். நானும் அம்சவல்லியும் வண்டிக்கு அருகில் போய் நின்றோம்.

"நீங்க எதுக்கு? எடை."

"சாட்சி இல்லாம ஜெயிச்சா யாரு நம்புவாங்க?"

அது வேலை செய்தது. பின்சீட்டு இல்லாத இடத்தில் பீங்கான் சாமான் கட்டுகிற வைக்கோலைப் பரப்பி, நானும் என் மகளும் உட்கார்ந்தோம். இரண்டு பொம்மைகளை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புகிற மாதிரி வண்டி கிளம்பியது.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டி டிராக்டர் தெரிந்தது. அதன் மேல் ஒரு கருப்பு மலை. ஈர எரு அழுத்தி அழுத்தி, டிரெய்லர் டயர் பாதி நசுங்கியிருந்தது. மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்டின் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு அதை நெருங்கியது. "வருது, வருது" என்று இவர் ஸ்டியரிங்கை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார், அதனால் வேகம் கூடும் என்கிற மாதிரி.

வாய்க்கால் பாலத்து ஏற்றம் வந்தது. டிராக்டர் ஓரமாக ஒதுங்கி, நிற்கிறதா ஊர்கிறதா என்று தெரியாமல் ஏறியது. இதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் பின்னால்தான் போக வேண்டும். ஆஸ்டின் அதன் பக்கத்தில் போய், உறுமி, இருமி, கரும்புகையாய்க் கக்கி, அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது.

"எறங்குங்கடி! எடை! எடை!"

இறங்கினோம். ஒரு கணம் எனக்குத் தோன்றியது: உருளட்டும், உருண்டு விருத்தாசலத்துக்கே போகட்டும், இந்த மனிதரும் வண்டியும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. திரும்பிப் பார்த்தேன். அம்சவல்லி ஏற்கெனவே டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தாள். தன் கல்யாணத்தைத் தானே தள்ளுகிற பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் கை வைத்தேன். பாலத்தோரம் புங்கமரத்தடியில் கீரைக்கட்டோடு நின்றிருந்த கொளஞ்சியம்மாள், கட்டை வாய்க்காலில் எறிந்துவிட்டு ஓடிவந்து மூன்றாவது ஆளாக முட்டுக்கொடுத்தார். சைலன்சர் இல்லாத வண்டி எங்கள் புடவையிலும் முகத்திலும் கரியைத் துப்பியது. டிராக்டர் மேலிருந்து தங்கதுரை பதறிப்போய் இறங்கப் பார்த்தான். அவன் அம்மா பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

வண்டி அசைந்தது. அங்குலம் அங்குலமாக ஏறியது. டிராக்டர் டயரைத் தாண்டியது. பானட்டைத் தாண்டியது. தங்கதுரை என்ன செய்வான், பழக்கதோஷம், இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ராஜா மாதிரி தலையசைத்து அதை வாங்கிக்கொண்டார். பாலத்து உச்சி வந்ததும், அந்தப் பக்கம் இறக்கம். ஆஸ்டின் தன் வாழ்நாளில் போகாத வேகத்தில் பறந்து போய்க் கீழே நின்றது.

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இவர் வண்டியின் மேல் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா! நீங்க எறங்குனதும் எப்புடிப் பறந்துச்சி!"

அம்சவல்லி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். மாசிக்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆமா சம்பந்தி. ரெண்டு பொம்பளைங்க எடைன்னா சும்மாவா?" என்றார் கொளஞ்சியம்மாள், முகத்துக் கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டு. வழியில் கீரை பறிக்க வந்ததாகவும் சொல்லிவைத்தார். இவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். டிக்கி முழுக்கக் கரி படிந்து கறுப்பாக இருந்தது. அதில் கை ஊன்றிய இடங்கள் மட்டும் வெள்ளையாக, விரல் விரலாகத் தெரிந்தன. நடுவில் இருந்தது அம்சவல்லியின் கை. அதில் நிச்சயதார்த்த மோதிரத்தின் கோடுகூட விழுந்திருந்தது. அவர் அதன் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, காரை ஒரு நாளும் கழுவாத மனிதர், அந்த டிக்கியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சொர்ணம், பஞ்சாங்கத்த எடு" என்றார்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. நான் ஓட்டை விழுந்த அந்த அரக்குப் பட்டையே, முந்தானையை மடித்துச் செருகிக் கட்டிக்கொண்டேன். பந்தலில் அமீன் பாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பீங்கான்காரன் மூளை இருந்தால் பழைய இஞ்சினை என்ன செய்யலாம் என்று இவர் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வரைக்கும் அதே கதைதான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறபோது கரும்புச் சோகை, எருமை, சூளை, எல்லாவற்றையும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, கைகால் ஆட்டிச் சொல்வார். வாய்க்கால் பாலம் வரும்போது மட்டும் வாசல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சரி, அந்த இடத்தில் என் பக்கம் அவர் கண் வராது.

"அப்ப ஆயா எங்க இருந்தாங்க?" என்று பேத்தி ஒரு முறை கேட்டுவிட்டாள்.

"எறங்கி நடந்து வந்தன்டி, எடை கூடுதுன்னு" என்று நானே சொல்லிவிட்டேன். எதற்கும் வாயை அடக்காதவள் நான், அதை மட்டும் அடக்கிக்கொள்கிறேன். வண்டி எத்தனை கையால் ஏறியது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் நாள் குறித்தார்.